தன்னம்பிக்கை மட்டும் போதுமா?

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்தான் குவார்ட்டர்பேக். 2020 சீசனுக்கு முன் பஃபலோ பில்ஸ் ரசிகர்களிடையே ஒரே சண்டை. இளம் ஜோஷ் ஆலனுக்குத் தன்னம்பிக்கை கூடிவிட்டது, இனி வெற்றிதான் என்றது ஒரு கோஷ்டி. அந்த ஜனவரியில்தானே ஹூஸ்டனிடம் 16-0 முன்னிலையைக் கோட்டை விட்டோம் என்றது இன்னொரு கோஷ்டி.

என்னைக் கேட்டால் இரண்டு பேருமே முக்கியமானதை விட்டுவிட்டார்கள். 2018ல் ஆலன் எறிந்ததில் 52.8 சதவீதம்தான் சக வீரர் கைக்குப் போனது. 2020ல் 69.2! நடுவில் எறியும் முறையைத் திருத்திக்கொண்டார். பந்தைப் பிடிக்க ஸ்டெஃபான் டிக்ஸ் வந்தார். தடுமாறிய காலத்திலும் அணி அவரைக் கைவிடவில்லை. தன்னம்பிக்கை இதற்கெல்லாம் பின்னால் வருகிற சமாச்சாரம்.

பரீட்சைக்கு முதல் நாள் "தைரியமா எழுதுடா" என்கிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: முதலில் நோட்ஸைக் கொடுங்கப்பா!