கார் ஓட்ட வந்தவர் வெயிலில் நின்று கோன் அடுக்குவது ஏன்? ஆட்டோகிராஸ் போட்டியின் பாதுகாப்புக் கணக்கு

2024 ஏப்ரல் 21. இலங்கையின் தியத்தலாவையில் ஃபாக்ஸ் ஹில் சூப்பர் கிராஸ் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. ஒரு கார் கவிழ்ந்தது. வேகத்தைக் குறைக்கச் சொல்லி மற்ற ஓட்டுநர்களுக்கு மஞ்சள் எச்சரிக்கை காட்டினார்கள். ஆனால் இன்னொரு கார் தடத்தை விட்டு விலகி, ஓரத்தில் நின்றவர்கள் மீது பாய்ந்தது. 7 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் 8 வயதுச் சிறுமியும் உண்டு. போட்டி நடத்த உதவிக்கொண்டிருந்தவர்களும் உண்டு.

அது பல கார்கள் ஒன்றாகச் சீறும் பெரிய பந்தயம். ஆனால் அது எழுப்பும் கேள்வி, வார இறுதியில் பொழுதுபோக்காக நடக்கும் சின்னப் போட்டிகளுக்கும் பொருந்தும். தடத்தை எப்படிப் போடுகிறோம்? அதன் ஓரத்தில் யாரை, எங்கே நிறுத்துகிறோம்?

இதற்கு நல்ல பதில் வைத்திருக்கும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதுதான் ஆட்டோகிராஸ்.

ஆட்டோகிராஸ் என்றால் என்ன?

ஐரோப்பாவில் இந்தப் பெயரைச் சொன்னால், மண் தடத்தில் பல கார்கள் மோதிக்கொண்டு ஓடும் பந்தயம் என்று அர்த்தம். அமெரிக்காவில் அப்படி இல்லை. பெரிய பார்க்கிங் இடத்திலோ, பழைய விமான ஓடுதளத்திலோ பிளாஸ்டிக் கோன்களை வைத்து வளைந்து நெளிந்த தடம் ஒன்றைப் போடுவார்கள். ஒரு காருக்கும் அடுத்த காருக்கும் இடைவெளி விட்டு, ஒவ்வொன்றாக அனுப்புவார்கள். எதிராளி கடிகாரம் மட்டும்தான். ஆபீஸுக்கு எடுத்துப் போகும் அதே காரை, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு இங்கேயும் ஓட்டலாம்.

1944-ல் தொடங்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா (எஸ்.சி.சி.ஏ) இதை 'சோலோ' என்ற பெயரில் நாடு முழுக்க நடத்துகிறது. கோனை இடித்தால் ஒரு கோனுக்கு 2 விநாடி அபராதம். வழி தவறினால் அந்த ரன் கணக்கிலேயே வராது. வெற்றி தோல்வி விநாடியின் சிறு பகுதிகளில் முடிவாகும் போட்டியில் 2 விநாடி என்பது பெரிய அடி.

ஓட்டுபவரே வேலையும் பார்க்கணும்

இந்தப் போட்டிகளில் சம்பள ஊழியர்களை நம்பி எதுவும் நடப்பதில்லை. பணம் கட்டி ஓட்ட வந்தவர்களே வேலையும் பார்க்க வேண்டும். அவர்களைக் குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒரு குழு ஓட்டும்போது இன்னொரு குழு தடத்தில் நிற்கும். பிறகு மாறிக்கொள்வார்கள். நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கனில் நடக்கும் தேசியப் போட்டிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வருவார்கள். சாம்பியன் பட்டத்துக்கு மோதுபவருக்கும் அங்கே இந்த வேலை உண்டு.

'ஓட்டிட்டேன், கிளம்புறேன்' என்று நழுவுபவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். அதனால் பல கிளப்கள் வைத்திருக்கும் விதி கறாரானது: வேலைக்கு வராவிட்டால் உங்கள் ரன்கள் எதுவும் கணக்கில் வராது. நல்ல மனசை மட்டும் நம்பி ஒரு நாள் போட்டியை நடத்த முடியாது என்பதை அவர்கள் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. காலையில் தடத்தில் நின்று, தன்னை நோக்கி வரும் காரின் டயர் கிறீச்சிடுவதைக் கேட்டவர், மதியம் ஓட்டும்போது ஓரத்தில் நிற்பவர்களை மறக்கமாட்டார்.

தடத்தில் நிற்பவருக்கு என்ன வேலை?

வெறும் கோன் பொறுக்குவது மட்டும் இல்லை:

- கண்காணிப்பு: ஒவ்வொரு கோனின் அடியைச் சுற்றியும் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டிருப்பார்கள். கோன் சாய்ந்தாலோ, கோட்டை விட்டு முழுசாக வெளியே போனாலோ அபராதம். நின்றபடியே நகர்ந்து, இன்னும் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் அபராதம் இல்லை.
- தகவல்: கார் எண்ணையும், எத்தனை கோன் போனது என்பதையும் வாக்கி-டாக்கியில் நேரக் கணக்காளருக்கு உடனே சொல்ல வேண்டும்.
- திரும்ப வைப்பது: விழுந்த கோனை அதே கோட்டுக்குள் வைக்க வேண்டும். ஒரு அடி தள்ளி வைத்தால் அடுத்தவர் ஓட்டுவது வேறு தடம். போட்டியின் நியாயமே போய்விடும்.
- நிறுத்துவது: கார் சுழன்று நின்றாலோ, ஆள் குறுக்கே வந்தாலோ சிவப்புக் கொடி. பார்த்தவுடன் ஓட்டுநர் நிறுத்த வேண்டும். தன் தவறு இல்லாமல் நிறுத்தியவருக்கு மறுபடி ஓட வாய்ப்பு உண்டு. அதனால் கொடி காட்டத் தயங்க வேண்டியதில்லை.

தடத்தில் செல்போனுக்கு ஏன் தடை என்பதற்கு ஒரு எளிய கணக்கு. 60 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் ஓடும். நீங்கள் ஒரு வாட்ஸ்அப் மெசேஜைப் பார்க்கும் 3 விநாடியில் அது 50 மீட்டரைத் தாண்டியிருக்கும். உட்காரவும் கூடாது, வரும் காருக்கு முதுகு காட்டவும் கூடாது என்பதற்கும் இதே காரணம்தான்.

தடம் போடுவதில் என்ன சூட்சுமம்?

எஸ்.சி.சி.ஏ விதிகளில் சில அடிப்படை அளவுகள் இருக்கின்றன. தடத்தின் அகலம் குறைந்தது 15 அடி. பாம்பு போல வளைந்து போகும் ஸ்லாலம் பகுதியில் கோன்களுக்கு நடுவே குறைந்தது 45 அடி. சுவர், விளக்குக் கம்பம் போன்ற திடமான பொருள்களில் இருந்து தடம் வழக்கமாக 25 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். நேர்பாதைகளைச் சின்னதாக்கி, வளைவுகளாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்துவதுதான் அடிப்படை எண்ணம்.

ஆனால் அளவுகளை விட முக்கியமான ஒன்று, கட்டுப்பாடு இழந்த கார் எந்தப் பக்கம் போகும் என்ற கேள்வி. வேகமாக வரும் கார் வளைவில் பிடி இழந்தால், பெரும்பாலும் வளைவின் வெளிப்பக்கமாகத்தான் வழுக்கும். அங்கே ஆளை நிறுத்தக் கூடாது. பார்வையாளர்களையும் விடக் கூடாது. ஃபினிஷ் கோட்டைத் தாண்டி நின்று அடங்க நீளமான காலி இடம் வேண்டும். அந்த இடம் ஆட்கள் நடமாடும் பக்கம் பார்த்திருக்கக் கூடாது.

தடத்தில் நிற்பவருக்குத் தன் கோன்கள் எல்லாம் தெரிய வேண்டும். பக்கத்துக் குழு கண்ணுக்குப் பட வேண்டும். பின்னால் ஓடித் தப்பிக்க இடம் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லை என்றால் ஆளை மாற்றிப் பயனில்லை, தடத்தைத்தான் மாற்ற வேண்டும். எஸ்.சி.சி.ஏ போட்டிகளில் முதல் கார் கிளம்புவதற்கு முன் பாதுகாப்புப் பொறுப்பாளர் தடத்தைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

ஆள் குறைந்தால் என்ன ஆகும்?

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். 100 பேர், ஆளுக்கு 5 ரன். மொத்தம் 500 ரன். 30 விநாடிக்கு ஒரு கார் அனுப்பினால் 4 மணி 10 நிமிடத்தில் முடியும். கோன் எடுக்க நேரமாகி, இடைவெளி 45 விநாடி ஆனால்? 6 மணி 15 நிமிடம். 15 விநாடித் தாமதம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தின்றுவிடுகிறது.

இப்போது ஆள் கணக்கு. 6 இடங்களில் தலா 4 பேர் என்றால் 24 பேர். ஸ்டார்ட், நேரக் கணக்கு, வரிசை ஒழுங்கு ஆகியவற்றுக்கு இன்னும் 8 பேர். ஆக 32 பேர். 100 பேரை மூன்றாகப் பிரித்தால் ஒரு குழுவுக்கு 33 பேர். ஒரு குழு ஓட்ட, ஒரு குழு வேலை பார்க்க, ஒரு குழு நிழலில் தண்ணீர் குடித்து இளைப்பாறலாம். கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது.

அன்றைக்கு 60 பேர்தான் வந்தார்கள் என்றால்? ஒரு குழுவுக்கு 20 பேர்தான். அதே தடத்தை வைத்துக்கொண்டு இடத்துக்கு இரண்டு பேரை நிறுத்துவது தப்பு. ஒருவர் கோன் எடுக்க ஓடும்போது, மற்றவர் ஒரே நேரத்தில் காரையும் பார்க்கணும், கொடியும் பிடிக்கணும், வாக்கி-டாக்கியிலும் பேசணும். அது நடக்காது. சரியான வழி, தடத்தைச் சுருக்கி 4 இடங்களாக்குவது. இடத்துக்கு மூன்று பேர் என்றால் 12, மற்ற வேலைகளுக்கு 8. இருபது பேரில் முடிந்துவிடும்.

அதாவது முதலில் ஆட்களை எண்ண வேண்டும். பிறகுதான் தடத்தை வரைய வேண்டும்.

நம்ம ஊருக்கு என்ன பாடம்?

சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் முழு அளவிலான பந்தயத் தடங்கள் இருக்கின்றன. அங்கே நடக்கும் போட்டிகளுக்கு மார்ஷல்கள் உண்டு, விதிகள் உண்டு. நாட்டின் மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்.எம்.எஸ்.சி.ஐ கூட்டமைப்பின் அங்கீகாரத்தோடு ஆட்டோகிராஸ் போட்டிகளும் நடக்கின்றன.

கவலை வேறு இடத்தில். நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு மைதானத்தைப் பேசி, கோன் வாங்கி, இன்ஸ்டாகிராமில் அறிவித்துவிட்டால் போட்டி ரெடி என்ற நினைப்பில்தான் ஆபத்து இருக்கிறது. கோன், மைக், கோப்பை எல்லாம் காசுக்குக் கிடைக்கும். வெயிலில் மூன்று மணி நேரம் கண் இமைக்காமல் நிற்கும் 20 பேர் அப்படிக் கிடைக்கமாட்டார்கள்.

அடுத்த முறை அப்படி ஒரு போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன், பரிசுத் தொகை எவ்வளவு என்று கேட்பதோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். தடத்தை யார் பார்த்து ஒப்புதல் தருகிறார்கள்? நான் ஓட்டும்போது கொடியோடு நிற்கப்போவது யார்? இரண்டுக்கும் பதில் வரவில்லை என்றால் காரை வீட்டிலேயே விட்டுவிடலாம்.