பூட்டிய பெட்டிக்குள் ஒரு பாட்டு

அரிய இசைத்தட்டு ஒன்றுக்கு இலட்சக்கணக்கில் விலை கொடுப்பவரைக் கலையின் புரவலர் என்று போற்றும் வழக்கம் இன்று பரவி வருகிறது. இப்புகழுரையை நாம் ஏற்பதற்கில்லை. கொடுத்த பணம் யார் கைக்குப் போயிற்று? வாங்கிய பாட்டு யார் செவிக்கு எட்டிற்று? இவ்விரு வினாக்களுக்கும் விடை கிடைத்த பின்னரே அப்பட்டத்தை வழங்குதல் தகும்.

மும்பைத் திரையுலகில் வாத்தியக் கலைஞராய் உழைத்த சரண்ஜித் சிங், 1982இல் பத்து இராகங்களை மின்னிசைக் கருவிகளில் டிஸ்கோ தாளத்தோடு வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அன்று அதனைச் சீந்துவார் இலர். 2002இல் நெதர்லாந்துச் சேகரிப்பாளர் எடோ பௌமன் அதனை இந்தியாவில் கண்டெடுத்தார். கண்டெடுத்தவர் அதைப் பேழையில் வைத்துப் பூட்டவில்லை. கலைஞரைத் தேடிக் கண்டு, 2010இல் மறுபதிப்பாக்கினார். அதன் பின்னரே உலகம் அம்முதியவரை அறிந்தது. 2015இல் மறையுமுன் ஐரோப்பிய மேடைகளிலும் அவர் வாசித்தார். இந்த வாழ்வை அவருக்குத் தந்தது மறுபதிப்பேயன்றிப் பழந்தட்டின் விலையேற்றம் அன்று.

மூல ஓவியம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும்போது ஓவியருக்கும் ஒரு பங்கு உண்டென நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு கூறுகிறது. இசைத்தட்டுக்கு அந்தப் பங்கு இல்லை. பத்து ரூபாய்த் தட்டு பத்தாயிரத்துக்குக் கைமாறினும், பாடியவர் வீட்டுக்கு ஒரு காசும் வாராது.

கலைஞருக்கே பணம் சேர்ந்தாலும் குறை தீர்வதில்லை. அமெரிக்காவின் வூ-டாங் கிளான் குழுவினர் ஒரே ஒரு படியாகச் செய்த தொகுப்பை, 2015இல் ஒரு செல்வர் 20 இலட்சம் டாலருக்கு வாங்கினார். 88 ஆண்டுகள் வணிக வெளியீடு கூடாதென்பது நிபந்தனை. பாட்டுக்கும் ஆயுள் சிறையா!

'சேகரிப்பாளர் இல்லையேல் இவை குப்பைக்கன்றோ போயிருக்கும்?' என்பர். உண்மை, மறுக்கவில்லை. ஆயின் காப்பது வேறு, பதுக்குவது வேறு. மும்பையில் இயங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தின் சுரேஷ் சந்த்வான்கர், யங் இந்தியா, ஓடியன் நிறுவனங்களின் பழந்தட்டுகளை மின்னணுப் படியாக்கி, பிரிட்டிஷ் நூலகத்தின் வாயிலாகப் பலரும் கேட்க வழி செய்தார். அவரும் சேகரிப்பாளரே. தேடுவதை நாம் குறை கூறவில்லை. தேடியதை ஊருக்கு மறைப்பதையே கண்டிக்கிறோம். எதனை முடக்கினால் மக்களுக்குத் தீங்கு நேருமோ அதனை முடக்குவதும் பதுக்கலே என்று இமாம் அபூ யூசுஃப் அன்றே உரைத்தார். அவர் பேசியது சந்தைச் சரக்கைப் பற்றி; செவிச்செல்வத்துக்கும் அந்நீதி பொருந்தும் என்பதே நம் கருத்து.

மேல்மலையனூரில் வாழும் நாம் இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்துச் செஞ்சியில் 1714இல் நவாபு சஅதத்துல்லா கானோடு பொருது வீழ்ந்தான் தேசிங்கு. அவன் கதையும் அவனுடைய முஸ்லிம் தோழனின் கதையும் இன்றளவும் நிலைத்திருப்பது எதனால்? பாடியவர் எவரும் அக்கதைப்பாடலைப் பூட்டி வைக்காததால். கற்கோட்டை சிதைந்தது, வாய்ப்பாட்டு சிதையவில்லை.

2015இல் மறைந்த நாகூர் ஈ. எம். ஹனீபா போன்றோரின் பழந்தட்டுகள் பரணில் கிடக்கும் இல்லங்கள் நம்மிடையே உண்டு. விலை பேசிக்கொண்டு ஒருவர் வாசலுக்கு வந்தால், தட்டைக் கொடுக்குமுன் பாட்டைப் படியெடுத்துக் கொள்ளுங்கள். பாடியவர் பெயர், எழுதியவர் பெயர், தட்டின் எண் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். தட்டு நம் சொத்து, விற்கலாம். அதிலுள்ள குரலோ நம் பேரப்பிள்ளைகளின் அமானிதம். அதை விற்க நமக்கு உரிமை இல்லை.