திரும்பியா, திருப்பியா?

"வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளையின் இங்கிலீஷ் கெட்டுப் போகும்" என்று நம்மவர்களிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றி இருக்கிறது. இங்கே நாக்பூரில் எனக்குத் தெரிந்த சில குடும்பங்கள் இந்த ஒரே காரணத்துக்காகத் தமிழுக்கு விடை கொடுத்துவிட்டன. நான் இலக்கணப் பண்டிதன் அல்ல. சிவில் எஞ்சினியரிங்கில் டிப்ளமா வாங்கி, 36 வருடம் ரயில் பாதையோடு மல்லுக்கட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். இருந்தாலும், அந்த நம்பிக்கை சரியல்ல என்பதை ஒரே ஒரு சின்ன விஷயத்தை வைத்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது, போனவன் திரும்பி வருவது, கெட்டதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது - இவற்றை ஆங்கிலம் எப்படிச் சொல்கிறது என்பதுதான் அந்த விஷயம்.

ஆங்கிலத்தில் இதற்கு முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, சாதாரண வினைச்சொல்லோடு 'பேக்' சேர்ப்பது: 'கம் பேக்', 'கிவ் பேக்', 'புட் பேக்'. மற்றது, லத்தீனிலிருந்து வந்த 'ரீ' என்ற முன்னொட்டு: 'ரிட்டர்ன்', 'ரீஃபண்ட்', 'ரிஸ்டோர்'. 'ரீ' என்றால் 'மறுபடியும்' என்று மட்டுமே பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். 'ரீரைட்' என்றால் மறுபடி எழுது, சரிதான். ஆனால் 'ரீபே' என்றால் மறுபடியும் பணம் கட்டு என்றா பொருள்? அப்படியானால் கடன் கொடுத்தவனுக்குக் கொண்டாட்டம்தான்! வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டு என்பதே பொருள். ஆக, 'ரீ'க்குள் 'மறுபடி'யும் உண்டு, 'திருப்பி'யும் உண்டு.

ஒரே முன்னொட்டுக்கு இரண்டு பொருளா என்று தமிழ் தெரிந்த பிள்ளை திகைக்காது. ஏனென்றால் நாமும் அதைத்தானே செய்கிறோம்? 'திரும்பவும் சொல்' என்கிறோம். அது 'திரும்பு' என்ற வினையில் பிறந்தது. 'மீண்டும்' என்பது 'மீள்' என்ற வினையில் பிறந்தது. இந்தியின் 'ஃபிர்', திரும்புதல், சுற்றுதல் என்ற பொருளுள்ள 'ஃபிர்னா'வுக்கு உறவு. ஆங்கில 'அகெய்ன்' என்ற சொல்லுக்கே பழைய ஆங்கிலத்தில் 'எதிர்த் திசையில்' என்ற பொருள் இருந்தது. போன வழியே திரும்பி வந்தால்தானே அதே பாதையில் இன்னொரு தடவை போக முடியும்!

இனி, நம் பிள்ளைகள் மட்டுமல்ல, பெரிய பெரிய அதிகாரிகளும் எழுதும் 'ரிட்டர்ன் பேக்' என்பதைப் பார்ப்போம். 'ரிட்டர்ன்' என்ற சொல்லுக்குள்ளேயே 'திருப்பி' அடங்கிவிட்டது. அதன் பின்னால் ஒரு 'பேக்' போடுவது, ஓர் எஞ்சினே இழுக்கும் வண்டிக்கு இரண்டாவது எஞ்சினை மாட்டுவது போல. இது ஏன் வருகிறது? நாம் 'திருப்பிக் கொடு' என்று இரண்டு சொல்லாகச் சொல்கிறோம். இந்தியிலும் 'வாபஸ் தோ' என்று இரண்டு சொல். அதனால் ஆங்கிலத்திலும் இரண்டு சொல் இருந்தால்தான் மனம் நிறைகிறது. இதைத் தமிழை வைத்தே விளக்கினால் பிள்ளை ஒரு தடவையில் புரிந்துகொள்ளும்: "கிவ் என்பது கொடு, பேக் என்பது திருப்பி. ரிட்டர்ன் என்றால் இரண்டும் சேர்ந்தது."

இன்னொன்றும் கவனியுங்கள். 'ரிட்டர்ன்' என்ற ஒரே சொல், ஆள் திரும்பி வருவதற்கும் ஆகும், புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கும் ஆகும். 'ரிக்கவர்' என்ற சொல்லும் அப்படியே: காய்ச்சலிலிருந்து மீள்வதும் அதுதான், பணத்தை மீட்பதும் அதுதான். தமிழில் தன்வினை வேறு, பிறவினை வேறு. திரும்பினான், திருப்பினான், மீண்டான், மீட்டான். இந்தியிலும் 'லௌட்னா', 'லௌடானா' என்று ஜோடி இருக்கிறது. தானாக நடந்ததா, ஒருவர் செய்ததா என்பதை வினைச்சொல்லே காட்டிக் கொடுத்துவிடுகிறது. இந்த வேறுபாட்டை அறிந்த பிள்ளை ஆங்கில வாக்கியத்திலும் 'யார், எதை?' என்று தேடிப் பார்க்கும்.

தமிழ் தெரிந்தால் எல்லாம் தானாக வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 'கிவ் இட் பேக்' என்பது சரி, 'கிவ் பேக் இட்' என்பது தவறு. ஆனால் 'கிவ் பேக் தி புக்', 'கிவ் தி புக் பேக்' இரண்டுமே சரி. இது ஆங்கிலத்தின் சொந்த வழக்கம். அதைத் தனியாகத்தான் பழக வேண்டும். பழக்கிவிட்டுப் போவோம். அதற்காகத் தமிழை ஏன் வெளியேற்ற வேண்டும்?

வெளியேற்றியதன் பலன் கண்கூடு. 'பென்சிலைத் திரும்பிக் குடு' என்று பேசும் பிள்ளைகள் இங்கே நிறைய. அதைக் கேட்டு ஊரிலிருந்து வந்த உறவினர்கள் சிரிக்கிறார்கள். அடுத்த தடவை பாட்டி தொலைபேசியில் கூப்பிட்டால் பிள்ளை ஓடி ஒளிந்துகொள்கிறது. பாட்டிக்கு இந்தி தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. இந்தக் கணக்கில் நஷ்டம் யாருக்கு?

எங்கள் ரயில்வேயில் 'ரிப்பேர்', 'ரினியூவல்', 'ரிஸ்டோரேஷன்' மூன்றும் வேறு வேறு. பழுது பார்ப்பது ஒன்று, பழையதை எடுத்துவிட்டுப் புதியது போடுவது ஒன்று. விபத்துக்குப் பிறகு 'டிராஃபிக் ரிஸ்டோர்ட்' என்று செய்தி கொடுத்தால், பாதை முன்போல் ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை; வண்டி போகலாம் என்றுதான் அர்த்தம். முதல் வண்டி ஊர்ந்துதான் போகும். டிரைவருக்குக் காஷன் ஆர்டர் கொடுத்திருப்போம். ஜல்லி இறுக இறுக, வேகத்தைப் படிப்படியாக உயர்த்துவோம். பாதை முழுக்கச் சீராகட்டும், அதன் பிறகே வண்டி விடலாம் என்று எப்போதும் காத்திருந்தால் ஊர் போய்ச் சேர முடியாது.

"பன்னிரண்டு வயதாகிவிட்டது, இனிமேல் இவனுக்குத் தமிழ் எங்கே வரப் போகிறது?" என்று கேட்கும் பெற்றோருக்கு நான் சொல்வதும் இதுதான். முதலில் வண்டியை விடுங்கள். தப்பும் தவறுமாகப் பேசட்டும், சிரிக்காதீர்கள், திருத்துங்கள். பள்ளிக்கூட ஆங்கில இலக்கணப் பாடத்தைப் படிக்கும்போதே ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டு, ஆங்கிலம், இந்தி, தமிழ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். தினம் ஒரு வினைச்சொல் போதும். நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பிலும் திரும்பு - திருப்பு, மீள் - மீட் போன்ற ஜோடிகளை இப்படிச் சொல்லிக் கொடுக்கலாம் என்பது என் தாழ்மையான யோசனை. நோட்டுக்கும் கரும்பலகைக்கும் உதவ நான் தயார்.

நம் பெற்றோர் நமக்குக் கொடுத்த பாஷை இது. அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. பேரப் பிள்ளைகளிடம்தான் கொடுக்க முடியும்.