ஓவியமும் சாட்சிதான்

கம்போடியாவின் எஸ்-21 சிறையிலிருந்து ஓவியர் வான் நாத் உயிர் தப்பியது தூரிகையால். தன் தலைவர் போல் பாட்டின் உருவத்தை வரைய ஆள் வேண்டும் என்பதற்காக, அப்போது நாட்டை ஆண்ட கெமர் ரூஜ் அவரை விட்டுவைத்தது. அங்கே அடைக்கப்பட்டுக் கொல்லப்பட்டோர் 12,000 பேருக்கும் மேல். ஆட்சி 1979இல் வீழ்ந்ததும் அதே கட்டடம் அருங்காட்சியகமானது. அங்கு நடந்த சித்திரவதைகளை அவரே வரைந்தார்.

2009இல், ஐ.நா. ஆதரவு பெற்ற நீதிமன்றத்தில் சிறைத் தலைவர் டொய்க் முன்னிலையில் வான் நாத் சாட்சி சொன்னார். அவர் வரைந்தவற்றில் கண்ணால் கண்டதும் உண்டு, பிறர் சொல்லக் கேட்டதும் உண்டு. இதைக் காட்டி ஓவியத்தை ஒதுக்குவது சோம்பல். வாய்மொழிச் சாட்சியிலும் இரண்டும் கலந்தே வருகின்றன. பிரித்தெடுக்கத்தானே குறுக்கு விசாரணை?

நீதிமன்றம் கைவிரித்தது வேறோர் இடத்தில். நினைவுச் சின்னங்கள் வேண்டும் என்ற பாதிக்கப்பட்டோரின் கோரிக்கையை டொய்க் வழக்கின் 2010 தீர்ப்பு ஏற்கவில்லை. அவர்களின் பெயர்களைத் தீர்ப்பில் சேர்ப்பது, டொய்க்கின் மன்னிப்புக் கூற்றுகளைத் தொகுத்து வெளியிடுவது, அவ்வளவே இழப்பீடு. அதே நீதிமன்றத்தின் அடுத்த வழக்கில், 2014இல், கண்காட்சிகளுக்கும் நினைவிடங்களுக்கும் இடம் கிடைத்தது. வெளிக் கொடையாளர்கள் பணம் தந்ததால்தான் அதுவும் நடந்தது. நினைவைப் பேணும் செலவை நன்கொடையை நம்பி விடாமல், தீர்ப்பாயங்களை அமைக்கும் நாடுகள் தொடக்கத்திலேயே வரவுசெலவில் சேர்க்க வேண்டும்.