தோல்விக்கு அடுத்த வாரம் உண்டு, கலைப்புக்கு இல்லை

(நீண்ட பதிவு. கால்பந்தில் நாட்டமில்லாத நண்பர்களும் வாசிக்கலாம். ஒரு நிறுவனம் மறையும்போது அதை நேசித்தவர்களுக்கு என்ன உரிமை மிஞ்சுகிறது என்பதே இங்கு என் கேள்வி.)

2025 ஆகஸ்ட் முதல் வாரத்தில் பெங்களூரு எஃப்சி தன் முதன்மை அணிக்கான ஊதியத்தைக் காலவரையின்றி நிறுத்தியது. சென்னையின் எஃப்சி, ஒடிசா எஃப்சி ஆகியவையும் அதே நாட்களில் தம் செயல்பாடுகளை நிறுத்திவைத்தன. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பும் அதன் வணிகப் பங்காளியும் 2010இல் செய்துகொண்ட 15 ஆண்டு ஒப்பந்தம் முடிவை நெருங்கியிருந்தது; புதிய உடன்பாடு ஏற்படவில்லை; இந்தியன் சூப்பர் லீக்கின் பருவமோ குறித்த காலத்தில் தொடங்கவில்லை. ஆட்டக்காரர்களின் ஊதியம், ஒளிபரப்பு உரிமை, நீதிமன்ற வழக்கு என்று எல்லாம் விவாதிக்கப்பட்டன. கழகமே இல்லாமற்போனால் அதன் ரசிகர் என்ன ஆவார் என்ற கேள்வி மட்டும் ஏறத்தாழ எவராலும் கேட்கப்படவில்லை. கேட்ட சிலருக்கும் கிடைத்த விடை ஒன்றுதான்: “வேறு அணியைப் பார்த்துக்கொள்வார்கள்.”

அந்த விடை தவறு என்பது என் நிலைப்பாடு. அது எங்கே தவறுகிறது என்று பார்ப்போம்.

பொருளியலறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலொன்றில், ஒரு நிறுவனத்தின் தரம் சரியும்போது அதைச் சார்ந்தோருக்கு இரண்டு வழிகள் உண்டு என்றார்: வெளியேறுதல், குரல் எழுப்புதல். இவற்றில் எதைத் தேர்வோம் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது விசுவாசம். சோப்பு பிடிக்காவிட்டால் கடையில் வேறு சோப்பு வாங்குகிறோம், அது வெளியேற்றம். கால்பந்து ரசிகருக்கு அந்த வழி நடைமுறையில் கிடையாது. ஆண்டுதோறும் பட்டியலின் அடியில் கிடக்கும் அணியின் ரசிகர், முதலிடத்தில் இருக்கும் அணிக்குத் தாவினால் அவரைச் சக ரசிகர்கள் மதிக்க மாட்டார்கள். அவரே தம்மை மதிக்க மாட்டார். ஆகவே அவருக்கு எஞ்சுவது குரல் ஒன்றே.

ஹிர்ஷ்மனின் சட்டகம் வாடிக்கையாளர் வெளியேறுவதைப் பற்றியது. கழகம் கலைக்கப்படும்போது நிகழ்வது அதன் தலைகீழ்: ரசிகர் இருந்த இடத்திலேயே நிற்கிறார், நிறுவனம் வெளியேறிவிடுகிறது. விசுவாசம் முழுவதும் ஒரு பக்கத்திலும், வெளியேறும் உரிமை முழுவதும் மறு பக்கத்திலும் குவிந்திருக்கும் விந்தையான உறவு இது.

நலிந்த அணியின் ரசிகர் இழப்புக்குப் பழகியவர்தானே, இதையும் தாங்கிக்கொள்வார் என்று சிலர் கருதலாம். அவர் பழகியிருப்பது தோல்விக்கு. தோல்விக்கு அடுத்த வாரம் உண்டு. அடுத்த ஆட்டம், அடுத்த பருவம், அடுத்த பயிற்சியாளர் என்று அவருடைய நம்பிக்கை முழுவதும் நாட்காட்டியின் மீதே கட்டப்பட்டிருக்கிறது. கலைப்பு அந்த நாட்காட்டியையே எடுத்துவிடுகிறது. அதோடு, பெயர்கூடச் சரியாகத் தெரியாமல் பல ஆண்டுகளாகப் பக்கத்து இருக்கையில் அமர்ந்தவர்களைச் சந்திப்பதற்கு இருந்த ஒரே காரணமும் போய்விடுகிறது.

உளவியலில் பாலின் பாஸ் உருவாக்கிய ‘தெளிவற்ற இழப்பு’ என்ற கருத்து இங்கே பயன்படும். காணாமற்போன ஒருவருக்காகக் காத்திருக்கும் குடும்பத்தைப் போல, முடிந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்ல இயலாத இழப்பு அது. உயிரிழப்பின் துயரத்தையும் இதையும் நான் சமமாக வைக்கவில்லை. ஆனால் அமைப்பு ஒத்திருக்கிறது: சடங்கு இல்லை, இறுதி ஆட்டம் என்று முன்னறிவிக்கப்பட்ட ஆட்டம் இல்லை, விடைபெறும் கைதட்டல் இல்லை. பல வேளைகளில் ஓர் அறிக்கை மட்டுமே உண்டு.

இந்தியாவில் இவ்வாறான அறிக்கைகள் புதியவை அல்ல. பஞ்சாபின் பக்வாராவில் 1971இல் தொடங்கிய ஜேசிடி, 1996–97இல் நடந்த முதல் தேசியக் கால்பந்து லீக்கின் வாகையர். ஐ.எம். விஜயனும் பாய்ச்சுங் பூட்டியாவும் அந்த அணியில் ஆடினர். 2011இல் ஜேசிடி கலைக்கப்பட்டது. 2005–06இல் அதே லீக்கை வென்ற மும்பையின் மகிந்திரா யுனைடெட் 2010இலேயே மூடப்பட்டிருந்தது. இவை வென்ற அணிகள். ஆகவே, ஆட்டத்தில் தோற்றதால் கழகம் அழிகிறது என்ற விளக்கம் நம் நாட்டில் செல்லாது; உரிமையாளரின் கணக்கேட்டில் அதற்கான பத்தி மூடப்படுவதாலேயே அழிகிறது.

அடுத்த கட்டம் இன்னும் விசித்திரமானது. 2019இல் டெல்லி டைனமோஸ் புவனேசுவரத்துக்குப் பெயர்ந்து ஒடிசா எஃப்சி ஆயிற்று. அதே ஆண்டில் புனே சிட்டி மறைந்து அதன் இடத்தை ஹைதராபாத் எஃப்சி பெற்றது. 2025இல் ஹைதராபாத் அணி டெல்லிக்குப் பெயர்ந்து ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி ஆயிற்று. ஆறாண்டுக்குள் ஒரு வட்டம் முடிந்தது. தம் அணியை இழந்த டெல்லி ரசிகருக்கு, ஹைதராபாத் ரசிகரிடமிருந்து எடுத்த அணி தரப்பட்டது. அந்த ஹைதராபாத் ரசிகர் பெற்றதோ புனே ரசிகர் இழந்த இடம்.

ஹைதராபாதின் கதையில் தனியான கசப்பு ஒன்று உண்டு. 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்ற ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் நகரம் அது. 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத்தந்த பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமின் நகரம். நீண்ட வறட்சிக்குப் பின் வந்த ஹைதராபாத் எஃப்சி 2021–22இல் ஐஎஸ்எல் கோப்பையை வென்றது. பெருந்தொற்றின் காரணமாக அந்தப் பருவம் முழுவதும் கோவாவில் நடந்ததால், வாகை சூடிய அணி தன் ஊரில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. மூன்றாண்டு கழித்து அணியும் ஊரை விட்டுப் போயிற்று.

அப்படியானால் ரசிகர் எவ்வாறு சமாளிக்கிறார்? மூன்று வழிகளைக் காண்கிறேன்.

முதலாவது, மௌனம். ஜேசிடிக்கும் மகிந்திரா யுனைடெட்டுக்கும் நேர்ந்தது பெரும்பாலும் இதுவே. இந்த மௌனத்தைத்தான் நிர்வாகிகள் ‘வேறு அணியைப் பார்த்துக்கொண்டார்கள்’ என்று மொழிபெயர்க்கிறார்கள்.

இரண்டாவது, பெயருக்கான போராட்டம். 1889இல் தோன்றி, 1911இல் கிழக்கு யார்க்‌ஷயர் படையணியை 2–1 என வென்று ஐஎஃப்ஏ கேடயத்தைக் கைப்பற்றிய மோகன் பகான், 2020இல் ஏடிகே அணியுடன் இணைக்கப்பட்டு ‘ஏடிகே மோகன் பகான்’ ஆயிற்று. பச்சையும் அரக்குச் சிவப்பும் கலந்த சட்டை மாறவில்லை. பாய்மரப் படகுச் சின்னம் மாறவில்லை. முன்னொட்டாக மூன்று எழுத்துகள் மட்டுமே சேர்ந்தன. அம்மூன்று எழுத்துகளை நீக்கக் கோரி ரசிகர்கள் பருவக்கணக்கில் போராடினர். 2023 மார்ச்சில் அணி கோப்பையை வென்ற இரவில் பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. இது ஹிர்ஷ்மன் சொன்ன ‘குரல்’ வென்ற அரிய தருணம். என்றாலும் புதிய பெயரிலும் முதலீட்டாளரின் வணிக முத்திரையான ‘சூப்பர் ஜயண்ட்’ ஒட்டிக்கொண்டே வந்தது. மறுபுறம், மூன்று முறை கோப்பை வென்ற ஏடிகேயும் இதே இணைப்பில் மறைந்தது. அதன் ரசிகர்களுக்காக எவரும் பேசவில்லை. ஆறாண்டு அன்பு அன்பில்லையா என்ற கேள்வியை நாமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, மறுகட்டுமானம். இங்கிலாந்தின் பெரி கழகம் 1885இல் பிறந்தது. 1900, 1903 ஆகிய ஆண்டுகளில் எஃப்ஏ கோப்பையை வென்றது. கடன் நெருக்கடியால் 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. ரசிகர்களில் ஒரு பகுதியினர் புதிய கழகம் ஒன்றைத் தொடங்கிக் கீழ்நிலை லீக்கில் ஆடினர். மற்றவர்கள் பழைய பெயரையும் கிக் லேன் மைதானத்தையும் மீட்க முயன்றனர். இரு தரப்புக்கும் இடையே பிணக்கு வளர்ந்தது. முதல் வாக்கெடுப்பில் இணைப்பு நிறைவேறவில்லை. 2023இல்தான் ஒன்று சேர்ந்தனர். துயரம் மக்களை இயல்பாகவே ஒன்றிணைக்கும் என்ற கற்பனையைப் பெரி உடைக்கிறது. உண்மையான வாரிசு யார் என்ற சண்டையும் துயரத்தின் ஒரு பகுதியே.

விம்பிள்டன் கழகத்தை 2002இல் மில்டன் கீன்ஸுக்கு மாற்ற அனுமதி கிடைத்தபோது, ரசிகர்கள் அதே ஆண்டில் ஏஎஃப்சி விம்பிள்டனை உருவாக்கி, ஊர்ப் பொதுவெளியில் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தனர். 2011இல் அந்த அணி முதன்மை லீக் அமைப்புக்குள் ஏறியது. 2020இல் பிளவ் லேனுக்குத் திரும்பியது. இடையில் நடந்த ஒன்று எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: மில்டன் கீன்ஸ் கழகம் பழைய விம்பிள்டனின் வரலாற்றுக்கு உரிமை கோருவதைக் கைவிட்டது, கோப்பைகள் விம்பிள்டன் அமைந்திருக்கும் மெர்டன் பகுதியின் உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்பட்டன. கழகத்தின் உரிமம் ஒருவருடையதாகவும் நினைவு வேறொருவருடையதாகவும் இருக்கலாம் என்று நடைமுறையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட தருணம் அது.

இந்திய ரசிகரால் ஏன் அவ்வாறு கட்டியெழுப்ப முடியவில்லை? அன்பில் குறைவு என்பது சோம்பேறித்தனமான விடை. இங்கிலாந்தில் மிகக் கீழ் மட்டத்திலிருந்து உச்சி வரை ஒரே ஏணி இருக்கிறது. புதிதாகத் தொடங்குவோருக்கு முதற்படியேனும் உண்டு. நம்மிடம் ஐஎஸ்எல்லின் கதவு பல ஆண்டுகள் பணத்துக்கே திறந்தது. ஐ-லீக் வாகையர் ஆட்டத்தின் வலிமையால் மேலேறும் வழி 2022–23 பருவத்தில்தான் திறந்தது. ஏணியே இல்லாதபோது ஏறவில்லை என்று ரசிகரைக் குறை சொல்வது முறையன்று.

எதிர்வாதம் ஒன்றை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். ஆண்டுக்குப் பல கோடி இழக்கும் உரிமையாளரை, ரசிகரின் உணர்வுக்காகத் தொடர்ந்து இழக்கச் சொல்ல முடியுமா? முடியாது; அப்படி எவரும் கோரவும் இல்லை. வெளியேறும் உரிமை அவருக்கு உண்டு. வெளியேறும்போது எதையெல்லாம் எடுத்துச் செல்லலாம் என்பதே கேள்வி. முதலீடு அவருடையது. பெயர், நிறம், சின்னம், ஆவணங்கள் ஆகியவற்றுக்கு மதிப்பைக் கொடுத்தவர்கள் மைதானத்துக்கு வந்தவர்கள்.

ஆகவே கழக உரிம விதிகளில் நான்கு மாற்றங்களை முன்வைக்கிறேன். கலைப்புக்கும் இடமாற்றத்துக்கும் ஒரு முழுப் பருவ முன்னறிவிப்பு வேண்டும். அதற்கு முன் பதிவுபெற்ற ரசிகர் அமைப்பின் கருத்தைக் கேட்பது கட்டாயமாக வேண்டும். கலைக்கப்படும் கழகத்தின் பெயர், சின்னம், ஆவணங்கள் மாநிலக் கால்பந்துச் சங்கத்தின் பொறுப்பில் ஓர் அறக்கட்டளைக்குச் செல்ல வேண்டும். அந்தப் பெயரில் ரசிகர்கள் மீண்டும் தொடங்கினால் மாநில லீக்கின் முதற்படியில் இடம் தரப்பட வேண்டும். இவற்றுள் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. பெயரையும் சின்னத்தையும் உள்ளூர்ச் சட்டையின் நிறத்தையும் உரிமையாளர் தன் விருப்பப்படி மாற்ற முடியாதவாறு இங்கிலாந்து 2025இல் சட்டமே இயற்றிவிட்டது. ஜெர்மனியில் பெரும்பான்மை வாக்குரிமை கழக உறுப்பினரிடமே இருக்க வேண்டும் என்ற 50+1 விதி நீண்ட காலமாக நடைமுறையில் உள்ளது.

சமூகவியலிலும் வரலாற்றிலும் ஆய்வு செய்யும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் மோகன் பகான்–ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தின்போது 16 ரசிகர்கள் இறந்தனர். கொல்கத்தா இன்றும் அந்த நாளை இரத்த தானத்தோடு நினைவுகூர்கிறது, ஏனெனில் நினைவைச் சுமக்கும் கழகங்கள் அங்கே உயிரோடு இருக்கின்றன. பக்வாராவிலும் புனேயிலும் ஹைதராபாதிலும் அந்தச் சுமையை ஏற்க எவரும் இல்லை. ஜேசிடி ஆடியபோது மைதானத்தில் இருந்தவர்கள் முதுமை எய்திவருகிறார்கள். அவர்களுடைய நுழைவுச்சீட்டுகளும் ஒளிப்படங்களும் பேச்சும் இன்னும் கிடைக்கும். பத்தாண்டு கழித்துக் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. முனைவர் பட்டத்துக்கு வேண்டாம், ஒரு பருவத் தேர்வுக் கட்டுரைக்காகவேனும் ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களிடம் செல்லுங்கள்.