வாட்ஸைக் கேட்கும் முன் எர்த்தைக் கேளுங்கள்

கெடாவில் கோயில் திருவிழாவுக்கு ஒலி அமைப்பு பேசும்போது நிர்வாகம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ்?" அடுத்த கேள்வி, "எவ்வளவு வெள்ளி?" இரண்டுக்கும் பதில் கிடைத்ததும் முன்பணம் கைமாறிவிடும். பவர் ஆம்ப் எங்கிருந்து கரண்ட் எடுக்கப்போகிறது, அதன் எர்த் கம்பி எங்கே போய்ச் சேர்கிறது, மின்கசிவு ஏற்பட்டால் எது அதைத் துண்டிக்கும் என்று யாரும் கேட்பதில்லை. மைக்கைப் பிடித்துப் பாடுகிறவரின் உயிர் இந்த மூன்று கேள்விகளில்தான் இருக்கிறது.

சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய், பாலிங் என்று எந்தப் பக்கம் போனாலும் நிலைமை ஏறக்குறைய ஒன்றுதான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் இடிக்கப்பட்டு மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். தோட்டத்துக் கோயில் பல இடங்களில் அங்கேயே நின்றுவிட்டது. ஆண்டுக்கொரு முறை, பங்குனியிலோ சித்திரையிலோ ஆடியிலோ, பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பிள்ளைகள் திரும்பி வந்து திருவிழா நடத்துகிறார்கள். ஆண்டு முழுவதும் இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் மட்டும் ஓடிய வயரிங் மீது அந்த இரண்டு மூன்று நாளைக்கு ஆயிரக்கணக்கான வாட்ஸ் ஏற்றப்படுகிறது. தோட்டத் தொழிற்சாலையின் டீசல் எஞ்சின் மாலை நேரத்தில் மட்டும் கரண்ட் கொடுத்த காலத்தில் அடித்த எர்த் கம்பி இன்னும் முழுதாக இருக்கிறதா, துருப்பிடித்து அற்றுப்போனதா என்று தோண்டிப் பார்த்தவர் இல்லை.

இந்த நிலையில்தான் ஸ்பீக்கரில் 'ஹம்' இரைச்சல் கிளம்புகிறது. மிக்ஸருக்கு மண்டபத்துச் சுவர் பிளக். ஆம்புக்கு மேடைக்குப் பின்னால் வேறொரு பிளக், அல்லது ஜென்செட். இரண்டு எர்த்துக்கும் இடையே சிறு மின்னழுத்த வேறுபாடு இருக்கும். இரண்டு கருவிகளையும் இணைக்கும் ஒலிக் கம்பியின் வெளியுறை வழியே அது ஓடி, 50 ஹெர்ட்ஸ் இரைச்சலாகக் கேட்கும். பூசைக்கு நேரமாகிவிட்டது, கூட்டம் சேர்ந்துவிட்டது. "அண்ணே, ஹம் அடிக்குது." "எர்த்தக் கழட்டிவிடு, நின்னுடும்." தம்பி பிளக்கைத் திறந்து பச்சை மஞ்சள் கம்பியை அவிழ்த்து, நுனியை நறுக்கிவிடுகிறான். இரைச்சல் நிற்கிறது. எல்லாருக்கும் நிம்மதி.

அந்த நொடியோடு ஆம்பின் இரும்புப் பெட்டிக்குத் தரைக்குப் போகும் பாதை போய்விட்டது. உள்ளே டிரான்ஸ்ஃபார்மரின் காப்பு கருகினாலோ, அறுந்த கம்பி ஒன்று பெட்டியைத் தொட்டாலோ பெட்டி முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும். பியூஸ் போகாது, கரண்ட் ஓடினால்தானே பியூஸ் போவதற்கு? சிறிய மிக்ஸர்கள் பல அடாப்டரில் ஓடுகின்றன. அவற்றுக்கென்று தனி எர்த் இல்லை. ஆம்பின் எர்த்தை நம்பித்தான் இருக்கின்றன. பெட்டியில் ஏறிய மின்சாரம் ஒலிக் கம்பியின் உறை வழியாக மிக்ஸருக்கும், அங்கிருந்து மைக் கம்பியின் உறை வழியாக மைக்கின் உலோக உடலுக்கும் வந்து சேரும். மைக்கைப் பிடித்திருப்பவர் வெறுங்காலோடு, மஞ்சள் நீரும் இளநீரும் சிந்திய தரையில் நிற்கிறார். ஈர உடலின் மின்தடையைச் சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால் அவர் வழியே 230 மில்லியாம்பியர் ஓடலாம். இதயத் துடிப்பைக் குலைக்க அதில் ஒரு பங்கே போதும்.

இது வெறும் கணக்கன்று. 'ஸ்டோன் த குரோஸ்' என்ற ஸ்காட்லாந்து இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972 மே 3-ஆம் நாள் வேல்ஸின் சுவான்சி நகரில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். தொழில்முறைக் குழு, தொழில்முறை அரங்கம். அங்கேயே அப்படி என்றால், ஆண்டுக்கொரு முறை வயர் இழுக்கும் நம் பந்தல்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பச்சை மஞ்சள் கம்பியைத் தொடாமலேயே எர்த்தை இழக்கும் வழியும் நம்மிடம் உண்டு. வெளிநாட்டிலிருந்து வாங்கும் சில ஆம்ப்கள் ஐரோப்பிய வகைப் பிளக்கோடு வருகின்றன. இரண்டு உருண்டைக் கால்கள், எர்த்துக்குப் பக்கவாட்டில் தகடு. நம் மலேசியச் சாக்கெட்டில் எர்த் மேல் துளையில் இருக்கிறது. அதில் நீளக் கால் நுழைந்தால்தான் கீழிரண்டு துளைகளின் தடுப்பு விலகும். நம்மவர்கள் அந்த மேல் துளையில் பேனா மூடியையோ ஈர்க்குச்சியையோ குத்தித் தடுப்பை விலக்கி, உருண்டைக் கால்களை அழுத்திச் செருகிவிடுகிறார்கள். ஆம்பில் விளக்கு எரிகிறது, பாட்டு வருகிறது. எர்த் எதையும் தொடவில்லை. கால் இறுக்கமாகப் பிடிக்காததால் சாக்கெட்டும் சூடேறிக் கருகும். சிரிம் தர முத்திரையுள்ள 13 ஆம்பியர் மூன்று கால் பிளக் ஒன்றை மாற்றிப் போடப் பத்து நிமிடம் ஆகாது. பேனா மூடியோடு வருகிற ஒலிக்காரரை அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்வேன்.

ஹம்முக்கு ஒழுங்கான வைத்தியம் இருக்கிறது. மிக்ஸர், ஆம்ப், கீபோர்டு எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுங்கள். மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர். பேலன்ஸ்டு கம்பி போடுங்கள். அப்படியும் போகவில்லையென்றால் இடையில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பெட்டியை வைத்து, ஒலிக் கம்பியின் உறையைத் துண்டியுங்கள். துண்டிக்க வேண்டியது ஒலிக் கம்பியில். கரண்ட் கம்பியில் ஒருபோதும் கூடாது.

எர்த் இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. நம் நாட்டில் பெரும்பாலும் மின் விநியோக நிறுவனமான தெனாகா நேஷனலின் கம்பி வீட்டுக்கு எர்த்தைக் கொண்டுவருவதில்லை. ஒவ்வொரு கட்டடமும் தனக்கான எர்த் கம்பியைத் தரையில் இறக்கிக்கொள்ள வேண்டும். நல்ல மண்ணில் அதன் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் பெட்டியைத் தொட்டால் 230-ஐ 10-ஆல் வகுக்க 23 ஆம்பியர். 32 ஆம்பியர் பிரேக்கர் இதற்கு அசையவே அசையாது. ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் கெடா மண் காயும்போது தடை இன்னும் கூடும். அதனால்தான் மின்கசிவைக் கண்டுபிடித்துத் துண்டிக்கும் ஆர்.சி.டி. கட்டாயமாகிறது. பழக்கத்தில் நாம் ஈ.எல்.சி.பி. என்று சொல்வது இதைத்தான். 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள், கையில் பிடித்து இயக்கும் கருவிகளுக்கு 30 மில்லியாம்பியருக்கு மேற்படாததும், தரை ஈரமாகக்கூடிய இடங்களுக்கு 10 மில்லியாம்பியருக்கு மேற்படாததும் வேண்டும் என்கின்றன. அபிஷேக நீர் ஓடும் கோயில் தரை எந்த வகை என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

10 மில்லியாம்பியர் போட்டால் அடிக்கடி டிரிப் ஆகிறது என்று ஒலிக்காரர்கள் முறையிடுவது பொய்யில்லை. ஒவ்வொரு ஆம்புக்குள்ளும் இருக்கும் வடிகட்டி இயல்பாகவே சிறிதளவு மின்சாரத்தை எர்த்துக்கு விடும். நான்கைந்து ஆம்பை ஒரே ஆர்.சி.டி.யில் கோத்தால் கூட்டுத்தொகை எல்லையைத் தொட்டுவிடும். அதற்காக ஆர்.சி.டி.யைச் சுற்றி நேரடியாக வயர் இழுப்பதை ஏற்க முடியாது. ஆம்ப்களைப் பிரித்துத் தனித்தனி ஆர்.சி.டி.யில் போட வேண்டும். இன்னொன்று: ஆர்.சி.டி.யில் உள்ள 'டி' பொத்தானை அழுத்தினால் அது விழுகிறதே, எர்த் நன்றாக இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அந்தப் பொத்தான் கருவியின் இயக்கத்தை மட்டுமே சோதிக்கிறது. எர்த் கம்பி அறுந்து கிடந்தாலும் பொத்தான் வேலை செய்யும். எர்த்தை அளக்க அதற்கான மீட்டரோடு ஒரு வயர்மேன் வர வேண்டும்.

மின்சாரமே இல்லாத தோட்டங்களிலும், ஊர்வலத்தில் போகும் வண்டிகளிலும் ஜென்செட் வந்துவிடுகிறது. ஆபத்து அங்கே உருமாறுகிறது. சிறிய ஜென்செட்டுகள் பலவற்றில் நியூட்ரல், இரும்புச் சட்டத்தோடு இணைக்கப்பட்டிருக்காது. முதல் கோளாறு எந்த அறிகுறியும் காட்டாமல் ஒளிந்திருக்கும். இன்னொரு கருவியில் இரண்டாவது கோளாறு வரும்போது இரண்டு பெட்டிகளுக்கும் இடையே முழு மின்னழுத்தமும் நிற்கும்; இரண்டையும் ஒருசேரத் தொடுகிறவரை ஆர்.சி.டி. இன்னொரு பல்பு என்றே எடுத்துக்கொள்ளும். எனவே ஜென்செட்டில் நியூட்ரல் இணைப்பும் எர்த்தும் முறையாகச் செய்யப்பட்ட பிறகே ஆர்.சி.டி. காப்பாற்றும். மேற்கு வங்காளத்தின் கூச் பிகாரில், 2022 ஆகஸ்டு 1-ஆம் நாள் அதிகாலை, ஜல்பேஷ் சிவன் கோயிலுக்குப் பிக்அப் வண்டியில் போய்க்கொண்டிருந்த பக்தர்களில் 10 பேர் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். வண்டியின் பின்புறம் பாட்டுப் போட வைத்திருந்த ஜென்செட்டின் வயரிங்கே காரணமாக இருக்கலாம் என்று காவல்துறை அப்போது சொன்னது. இரும்பு வண்டி; அதன் மேல் மக்கள்; பக்கத்திலேயே ஜென்செட். கெடாவில் காவடியோடு போகும் ஒலி வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செய்திதான் நினைவுக்கு வரும். அதோடு, நம் சித்திரைத் திருவிழா பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களில், பிற்பகல் இடிமழைக் காலத்தில்தான் வருகிறது. இடி கேட்டால் ஆம்பை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். பாட்டு அரைமணி நேரம் காத்திருக்கட்டும்.

ஆம்பின் பின்புறம் ஸ்பீக்கருக்குப் போகும் முனையில் மின்னல் குறி போட்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1,000 வாட்ஸ் கொடுக்கும்போது அந்த முனையில் ஏறத்தாழ 89 வோல்ட் நிற்கிறது. அதையே பிரிட்ஜ் முறையில் 2,400 வாட்ஸாக்கினால் 139 வோல்ட். பிரிட்ஜ் முறையில் இரண்டு முனையுமே மின்சாரம் உள்ளவை. ஒன்றைத் 'தரை' என்று எண்ணித் தொட்டாலும் அடிக்கும், பெட்டியோடு இணைத்தால் ஆம்பும் போகும். உரித்த வயரை முறுக்கிச் செருகாமல், உலோகம் வெளியே தெரியாத ஸ்பீக்கான் இணைப்பியைப் பயன்படுத்துங்கள். ஸ்பீக்கர் வயரின் நுனியில் 13 ஆம்பியர் பிளக் மாட்டும் வழக்கம் சில பழைய செட்டுகளில் இன்னும் இருக்கிறது. விவரம் தெரியாத ஒரு பையன் அதைச் சுவரில் செருகும் நாள் ஒன்று வரத்தான் செய்யும். அந்தப் பிளக்குகளை வெட்டி எறியுங்கள்.

ஸ்பீக்கர்களை இணையாகக் கோத்துக்கொண்டே போவதும் நம் பழக்கம். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டு சேர்ந்தால் 4, நான்கு சேர்ந்தால் 2. ஆம்ப் எத்தனை ஓம் வரை தாங்கும் என்பது அதன் முதுகிலேயே எழுதியிருக்கிறது. கரண்ட் வயருக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. தூரத்துச் சாக்கெட்டிலிருந்து 100 மீட்டர் நீளத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்தால், போகவர அதன் தடை ஏறத்தாழ 2.5 ஓம். 10 ஆம்பியர் ஓடும்போது 25 வோல்ட் வழியிலேயே தொலையும். 250 வாட்ஸ் வயரைச் சூடாக்கும். அந்த வயர் சுருளிலேயே சுற்றிக் கிடந்தால் சூடு வெளியேற வழியின்றி உறை உருகும். பாட்டு கரகரக்கிறதே என்று ஒலியை இன்னும் கூட்டுவார்கள். பிழை இருப்பது வயரில்.

இயக்கும் வரிசை எளிது. மிக்ஸரை முதலில் போடுங்கள், ஆம்பைக் கடைசியில், அதன் குமிழ்கள் குறைந்த நிலையில். அணைக்கும்போது ஆம்ப் முதலில். மேல்மூடியைக் கழற்றுவது பழுதுபார்ப்பவரின் வேலை. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்கள் சற்று நேரம் மின்சாரத்தைப் பிடித்துவைத்திருக்கும்.

காதைப் பற்றியும் சொல்லாமல் விட முடியவில்லை. நம் நாட்டு 2019-ஆம் ஆண்டு இரைச்சல் விதிமுறைகள் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபெலை எல்லையாக வைத்திருக்கின்றன. 3 டெசிபெல் கூடும்தோறும் நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் கால் மணி நேரம்தான். மேடை ஓரத்து ஸ்பீக்கர் பெட்டியில் சாய்ந்தபடி உட்கார்ந்திருக்கும் சிறுவர்களை அங்கிருந்து எழுப்பிவிட ஒரு தொண்டரைப் போட்டால் போதும்.

கோயில் நிர்வாகங்களிடம் கேட்பது இதுதான். ஒலிக்காரர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், எர்த்தும் ஆர்.சி.டி.யும் கோயிலின் சொத்தாக இருக்க வேண்டும். எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேன் ஒருவரைத் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே அழையுங்கள். எர்த் தடையை அளந்து எழுதி வாங்குங்கள். மேடைக்கென்று பூட்டுள்ள ஒரு தனி மின்பெட்டி வைத்து, தேவையான ஆர்.சி.டி.களை அதில் போடுங்கள். தெருவிளக்குக் கம்பத்திலிருந்து திருட்டாக இழுக்காமல், தெனாகாவிடம் தற்காலிக இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். ஒலிக்காரரோடு போடும் ஒப்பந்தத்தில், எர்த் இல்லாத கருவி மேடைக்கு வராது என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். இதற்கெல்லாம் ஆகும் செலவை அடுத்த கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிவிடுங்கள்.