இடப்பக்கம் நிற்பவர்கள்
கோவையிலிருந்து ஆனைகட்டியைத் தாண்டினால் கேரளத்தின் அட்டப்பாடி. அரிசி திருடினான் என்று பழங்குடி இளைஞர் மதுவை 2018 பிப்ரவரி 22-இல் ஒரு கும்பல் அடித்துக் கொன்றது அங்கேதான். அதற்கு மூன்று நாள் முன்பு, தவக்கால முதல் வாரத் திங்களன்று, கோவைக் கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கப்பட்டது மத்தேயு 25: இறுதித் தீர்ப்பு. அதில் இடப்பக்கம் நிறுத்தப்படுபவர்கள் கொலைகாரர்கள்கூட அல்லர். பசித்தவனுக்குச் சோறு போடாதவர்கள், அவ்வளவுதான். அப்படியானால், கைகள் கட்டப்பட்டு நின்ற மதுவோடு செல்ஃபி எடுத்தவனை எங்கே நிறுத்துவது? சாட்சிகள் பலர் பல்டியடித்தும், 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் 13 பேருக்கு ஏழாண்டுச் சிறை விதித்தது. நரக நெருப்பைப் பற்றியே முழங்கும் பிரசங்கிகளே, இறுதித் தீர்ப்பில் கேட்கப்படும் கேள்வி சோற்றைப் பற்றியது என்பதையும் கொஞ்சம் சொல்லுங்கள்.